பூவின் படத்தில் யார் பெயர்?

கொல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவரிடம், பார்க்க வேண்டிய இடங்கள் என்று மூத்தவர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள். விக்டோரியா நினைவு மண்டபம், தட்சிணேசுவரம், ஹௌரா பாலம், சிப்பூர்த் தோட்டத்துப் பெரிய ஆலமரம் எல்லாம் அதில் இருக்கும். சௌரங்கியில் உள்ள இந்திய அருங்காட்சியகமும் இருக்கும். வங்காளிகள் அதை 'ஜாதுகர்' என்கிறார்கள். மாய வீடு என்று பொருள். உள்ளே செல்பவர்களில் பெரும்பாலோர் எகிப்திய மம்மியையும் பர்ஹுத் தூபியின் கல்வேலியையும் கண்டு வியந்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அதே வளாகத்தில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் பகுதி ஒன்று உண்டு. அங்கே கம்பெனி ஆட்சிக் காலத்து மலர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். தாவரவியல் பயிலும் எனக்கு அவற்றைக் காண வேண்டும் என்னும் ஆசை நெடுநாளாக இருந்தது. ஒரு விடுமுறை நாளில் சென்றேன். இயற்பியல் பயிலும் மதுரை நண்பர் ஒருவரும் உடன் வந்தார்.

முதற் படத்தின் முன்னே நின்றதும் நண்பர் கேட்டார்: "இது ஓவியமாங்க, இல்லை பாடப் புத்தகத்துப் படமா?"

நல்ல கேள்வி. அவருக்கு நின்ற இடத்திலேயே முழுவதும் விடை சொல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரம் படங்களின் இடையே நடந்தும், பிறகு நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டவற்றை நம் மலரில் எழுதினால் அவருக்கும் மற்ற நண்பர்களுக்கும் பயன்படும் என்று எண்ணினேன்.

ஜாடிப் பூவும் ஏட்டுப் பூவும்

மலர் ஓவியம் என்றவுடன் மேல்நாட்டார் நினைவுக்கு வருவது ஜாடியில் வைத்த பூங்கொத்துத்தான். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் அந்தக் கலை செழித்தது. அசையாப் பொருள்களை வரையும் ஓவியத்திற்கு டச்சு மொழியில் 'அசைவற்ற உயிர்' என்னும் பொருள்பட ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சு மொழியிலோ 'இறந்த இயற்கை' என்றே சொல்கிறார்கள். ஜாடியில் பூ மலர்ந்திருக்கும். அருகில் ஓர் இதழ் உதிர்ந்து கிடக்கும். இலையைப் புழு அரித்திருக்கும். அழகு நில்லாது என்பதை ஓவியர் பூவைக் கொண்டே சொல்லிவிடுவார். நிலையாமையைப் பாடிய நம் புலவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

ரேச்சல் ரூயிஷ் (1664–1750) என்னும் பெண்மணி அந்தக் கலையில் பெரும்புகழ் பெற்றவர். அவர் தந்தை உடற்கூற்றியல் அறிஞர், தாவரவியலும் கற்பித்தவர். பூச்சியையும் பூவையும் உற்று நோக்கும் பழக்கம் மகளுக்கு வீட்டிலேயே வாய்த்தது. ஜெர்மானிய இளவரசர் ஒருவரின் அவை ஓவியராக விளங்கிய அவர் முதுமையிலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. கையொப்பத்தோடு தம் வயதையும் எழுதும் வழக்கம் கொண்டிருந்தார். எண்பத்து மூன்று வயதிலும் வரைந்தார். அவருடைய ஓவியங்களை முதன்மையாகக் கொண்ட பெரிய காட்சி ஒன்று 2024-இலும் 2025-இலும் மியூனிக், டொலிடோ, பாஸ்டன் நகரங்களில் நடைபெற்றது.

இத்தகைய ஜாடி ஓவியங்களில் ஒரு வேடிக்கை உண்டு. வசந்தத்தில் பூக்கும் டூலிப்பும் கோடையில் பூக்கும் மலரும் ஒரே ஜாடியில் சேர்ந்திருக்கும். உண்மையில் அவை ஒரே நாளில் பூப்பதில்லை. ஓவியர் ஒவ்வொன்றையும் அதனதன் பருவத்தில் பார்த்து எழுதி, பிறகு ஒன்று சேர்ப்பார். யான் வான் ஹூய்சம் என்பவர் இவ்வாறு பூக்களுக்குக் காத்திருந்தே வரைந்தவர். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவர் படம் ஒன்றில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன.

இனி, ஜாதுகரில் கண்ட படங்களுக்கு வருவோம். இவற்றில் ஜாடி இல்லை, மேசை இல்லை, பின்னே இருளும் இல்லை. வெள்ளைத் தாளின் நடுவே ஒரு கிளை. அதில் மொட்டு, மலர், காய் மூன்றும் இருக்கின்றன. அடியில் பூவைப் பிரித்துப் புல்லிவட்டம், அல்லி, மகரந்தத்தாள், சூலகம் எனத் தனித்தனியே காட்டியிருக்கிறார்கள். மொட்டு வந்த காலத்தில் காய் இராது. காய் முற்றும்போது பூ இராது. ஆகவே இங்கும் ஓவியர் பல மாதங்களை ஒரே தாளில் சேர்த்திருக்கிறார். ஹாலந்து ஓவியர் செய்ததையே இவரும் செய்திருக்கிறார். நோக்கம் மட்டும் வேறு. அவர் பூவின் அழிவை நினைவூட்டினார். இவரோ, எங்கே எப்போது கண்டாலும் அந்தச் செடியை அடையாளம் காண வழி செய்தார்.

நண்பரின் கேள்விக்கு விடையில் ஒரு பாதி இது. ஓவியத்தின் திறமை முழுதும் இதில் இருக்கிறது. பாடப் படத்தின் கடமையும் இருக்கிறது.

படம் எதற்கு?

செடியைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தால் போதாதா, படம் எதற்கு என்று கேட்கலாம். சிப்பூரில் உள்ள மத்திய தேசிய உலர்தாவரகத்தில் சுமார் 20 இலட்சம் உலர்செடிகள் இருக்கின்றன. அவை விலைமதிப்பற்றவை. ஆனால் உலர்ந்த செடியில் நிறம் போய்விடும், சதைப்பற்று வற்றிவிடும், பூவின் வடிவம் நசுங்கிவிடும். வங்காளத்து மழைக்காலம் எப்படிப்பட்டது என்பதை விடுதியில் துணி உலர்த்தும் நாம் அறிவோம். பூஞ்சணமும் பூச்சியும் உலர்செடிக்குப் பெரும்பகை. புகைப்படக் கருவி தோன்றாத அக்காலத்தில், பசுமை மாறாத செடியின் தோற்றத்தைக் காத்து வைக்க ஓவியம் ஒன்றே துணை.

தமிழிலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி வருவதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்குரியதுதான். ஆனால் அவற்றுள் எல்லாவற்றையும் இன்ன செடி என்று இன்று உறுதியாகச் சுட்ட முடிகிறதா? முடியவில்லை. அனிச்சம் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெயர் மட்டும் நின்று, உருவம் தொலைந்துவிட்டது. ஒவ்வொரு பெயரோடும் ஒரு படமும் நமக்குக் கிடைத்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது.

அறிவியலில் இதன் பயன் இன்னும் பெரிது. ஒரு செடிக்குப் புதிதாகப் பெயர் வைத்தால், அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கு ஒரு மூலச்சான்று வேண்டும். பெரும்பாலும் அது உலர்செடியாக இருக்கும். பழைய பெயர்கள் பலவற்றுக்கோ உலர்செடி அழிந்து, ஓவியமே மூலச்சான்றாக நிற்கிறது. அங்கே ஓவியர் ஒரு மகரந்தத்தாளைக் குறைத்து வரைந்திருந்தால் பின்வந்தோர் அனைவரும் குழம்பியிருப்பார்கள். வாடுவதற்குள் வரைய வேண்டும். எண்ணி வரைய வேண்டும். நிறம் மாறாமல் தீட்ட வேண்டும். சில மணி நேரத்தில் துவண்டுவிடும் பூவை முன்னே வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தவர்களுக்கே அதன் அருமை புரியும்.

சோழமண்டலக் கரையிலிருந்து

இந்த ஓவியங்களின் கதை கல்கத்தாவில் தொடங்கவில்லை. நம் பக்கத்துக் கடற்கரையில் தொடங்குகிறது. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்பவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அங்கிருந்து செடிகளைச் சேகரிக்கலானார். பின்னர் வந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். 1776-இல் சென்னையில் கம்பெனிப் பணியில் சேர்ந்த அவர், பிறகு கோதாவரிப் பகுதியில் உள்ள சாமல்கோட்டையில் பல்லாண்டுகள் இருந்தார். இந்திய ஓவியர்களைக் கூலிக்கு அமர்த்தி, செடிகளை வரையச் செய்தார்.

1787-இல் ராபர்ட் கைடு நிறுவிய கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு ராக்ஸ்பர்க் 1793-இல் தலைவரானார். 1813 வரை அப்பணியில் இருந்தார். அவர் மேற்பார்வையில் உருவான படங்கள் 2,500-க்கும் மேல். அவை இன்றும் சிப்பூரில் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் மற்றொரு தொகுதி இங்கிலாந்தில் கியூ தோட்டத்தில் இருக்கிறது. அவர் லண்டனுக்கு அனுப்பிய படங்களிலிருந்து 300 படங்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை 'கோரமண்டல் கரைச் செடிகள்' என்னும் பொருள்படும் தலைப்போடு 1795 முதல் 1820 வரை மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. கோரமண்டல் என்பது சோழமண்டலம் என்பதன் திரிபே என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நூலின் 116-ஆம் படத்தைக் கண்டபோது என் மனம் ஊருக்கே போய்விட்டது. அது வேங்கை. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இடம்பெற்ற மரம். மஞ்சள் பூங்கொத்து, வட்டமான சிறகு சூழ, நடுவே விதை பொதிந்த காய். சர்க்கரை நோய்க்கு நல்லதென்று தண்ணீர் ஊற்றி வைக்கும் குவளையை இந்த மரத்தில்தான் கடைகிறார்கள். அறிவியலில் இதன் பெயர் டெரோகார்பஸ் மார்சுப்பியம். 'மார்சுப்பியம்' என்றால் சிறு பை. அந்தப் பெயருக்குப் பின்னால் 'ராக்ஸ்ப்.' என்று ஒரு சுருக்கெழுத்து வரும். பெயர் வைத்தவர் ராக்ஸ்பர்க் என்பது அதன் பொருள். உலகில் எந்த மொழியில் யார் ஆய்வுரை எழுதினாலும் வேங்கையை முறைப்படி குறிக்கும்போது அந்தச் சுருக்கெழுத்தைச் சேர்ப்பார்கள்.

யார் பெயர் நின்றது?

இங்கேதான் நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது.

பங்குனியில் பூத்துச் சிவக்கும் பலாச மரத்தைப் பாருங்கள். நாம் புரசு என்றும் சொல்வோம். வங்காளிகளுக்கு அதுவே வசந்தத்தின் அடையாளம். அதன் அறிவியற் பெயர் பூட்டியா. 1762–63-இல் பிரிட்டனின் பிரதமராக இருந்த பூட் பிரபுவைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. இன்னொரு மரம் பர்மாவிலிருந்து வந்தது. செந்நிறப் பூங்கொத்துகள் சரம்போலத் தொங்கும். அதன் பெயர் ஆம்ஹர்ஸ்டியா. கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்டு பிரபுவின் மனைவிக்கும் மகளுக்கும் மரியாதையாக வைத்தது. பிரபுவின் பெயர் நின்றது. பிரபுவின் மனைவி பெயர் நின்றது. பெயர் வைத்த அறிஞர் பெயரும் நின்றது. செடியைப் பார்த்து வரைந்தவர் பெயர் எங்கே?

கோரமண்டல் நூலில் ராக்ஸ்பர்க் செடிகளின் தெலுங்குப் பெயர்களைக் கவனமாகக் குறித்திருக்கிறார். ஊர்மக்கள் அவற்றைப் பயன்படுத்தும் முறைகளையும் எழுதியிருக்கிறார். அவ்வளவு கவனமுள்ளவருடைய நூலில் ஓவியர்களின் பெயர்கள் இல்லை. ராக்ஸ்பர்க்கைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. அவர் உழைப்பு பெரிது. அவர் இல்லையேல் இந்தப் படங்களே இல்லை. ஆனால் ஓவியர் இல்லையேலும் இந்தப் படங்கள் இல்லை.

அக்காலத்து வழக்கமே அப்படி என்று சிலர் சொல்லக்கூடும். அது முழுதும் சரியில்லை. ராக்ஸ்பர்க்குக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன், காசுமீரத்து மலர்களை வரைந்த மன்சூரை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் பெயரிட்டுச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் 'காலத்தின் அற்புதம்' என்னும் பட்டமும் தந்தார். இதே கல்கத்தாவில் தலைமை நீதிபதி இம்பேயின் மனைவி மேரி இம்பே 1777 முதல் 1783 வரை பறவைகளையும் செடிகளையும் வரையச் செய்தார். அந்தப் படங்களில் ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் பாட்னா ஓவியர் மூவரின் பெயர்களும் பாரசீக எழுத்தில் காணப்படுகின்றன. பெயர் எழுதப்பட்டிருந்ததனால்தான் 2019–20-இல் லண்டன் வாலஸ் காட்சிக்கூடத்தில் அவர்கள் படைப்புகளை அவர்கள் பெயராலேயே காட்ட முடிந்தது.

ராக்ஸ்பர்க்குக்குப் பின் தோட்டத்தின் தலைமையை ஏற்றவர்களுள் ஒருவர் வாலிச் என்னும் டென்மார்க்குக்காரர். ஜாதுகரை 1814-இல் தொடங்கத் தூண்டுகோலாக இருந்தவரும் முதற் காப்பாளரும் அவரே. 1830 முதல் 1832 வரை அவர் வெளியிட்ட ஆசியச் செடிகள் பற்றிய நூலில் ஓவியர்கள் விஷ்ணுபிரசாத், கோராசந்து ஆகியோரின் பெயர்கள் படங்களின் அடியில் அச்சாகியுள்ளன. ஆம்ஹர்ஸ்டியாவின் படத்தை வரைந்தவர் விஷ்ணுபிரசாத். ஆக, எழுத நினைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கோவிந்துவின் பூ

தமிழ்நாட்டோடு தொடர்புடைய கதை ஒன்றும் உண்டு. ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் 1819-இல் சென்னை மாகாணத்திற்கு வந்தார். கோயம்புத்தூரில் கம்பெனியின் பருத்திச் சாகுபடி ஆராய்ச்சியை நடத்தியவரும் அவர்தான். தென்னிந்தியச் செடிகளைப் பற்றி அவர் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்கள் முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து. இருவர் பெயரும் அச்சில் வந்திருக்கின்றன.

வைட் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிடுக்குப் புதிய பேரினப் பெயர் வைத்தார்: கோவிந்தூயியா. பிரபுவுக்கும் பிரபுவின் மனைவிக்கும் கிடைத்த சிறப்பு, தூரிகை பிடித்த ஒரு தென்னிந்தியக் கலைஞருக்கும் கிடைத்தது.

ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. தாவரப் பெயர் வைப்பதில் முந்துரிமை விதி என்று ஒன்று உண்டு. ஒரே பேரினத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முன்னதே செல்லும். கோவிந்தூயியாவில் அடக்கிய செடி, 1833-இலேயே லிண்ட்லி என்பவர் பெயரிட்ட டிரோப்பிடியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெளிந்தார்கள். விதிப்படி கோவிந்துவின் பெயர் விலகியது. இதில் யார்மீதும் பழி இல்லை. விதி எல்லார்க்கும் பொது. ஆயினும், இன்று அவர் பெயர் துணைப்பெயர்ப் பட்டியல்களில் மட்டுமே கிடக்கிறது என்பதை அறியும்போது ஒரு வருத்தம் எழத்தான் செய்கிறது. எடின்பரோ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி என்னும் ஆய்வாளர் 2007-இல் வைட்டைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டபோது, ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களையும் தலைப்பிலேயே சேர்த்தார். மறந்த பெயரை மீட்க ஆய்வாளர் ஒருவர் நினைத்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, போய்ப் பாருங்கள். பார்க் ஸ்டிரீட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அருங்காட்சியகம் நடக்கும் தொலைவுதான். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள். படத்தின் முன் நின்றதும் பெயர்ச்சீட்டைப் படிக்க விரையாதீர்கள். முதலில் பூவைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படி எழுதியிருக்கிறார் என்று நோக்குங்கள். மெல்லிய சாம்பல் நிழலால்தான் இதழ் எழுகிறது. இலையின் மேற்புறப் பச்சையும் அடிப்புறப் பச்சையும் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். பிறகு தாளின் ஓரங்களில் தேடுங்கள்: எண் இருக்கும், செடியின் பெயர் இருக்கும். ஓவியர் பெயர் இருக்கிறதா?

இரண்டாவது செய்தி அறிவியல் பயிலும் நண்பர்களுக்கு. நம் ஆய்வுக்கூடங்களில் நுண்ணோக்கிக்கு ஏற்றபடி தண்டைச் சீவித் தருபவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிக் கருவிகளை ஊதிச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். களப்பயணத்தில் நமக்கு முன்னே நடந்து, செடி இருக்கும் பள்ளத்தைக் காட்டும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். நம் ஆய்வேட்டின் நன்றியுரையில் இவர்கள் 'மற்றும் பணியாளர்கள்' என்னும் இரண்டு சொற்களுள் அடங்கிவிடுவது வழக்கம். ராக்ஸ்பர்க்கின் நூலில் ஓவியர்களுக்கு நேர்ந்ததும் நம் ஏட்டில் இவர்களுக்கு நேர்வதும் வேறு வேறா? எனக்கு வேறாகத் தோன்றவில்லை.

என் ஆய்வேட்டுக்காக எடுத்த சீவல்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கையால் எடுத்தவை. முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ள கை அது. என் கத்தி நான்கு முறை முயன்றும் கிழிக்கும் தண்டை, அவர் ஒரே இழுப்பில் கண்ணாடிபோல் சீவிவிடுவார். அந்தப் படங்களின் அடியில், செடியின் பெயரும் உருப்பெருக்க அளவும் எழுதுகிற வரியிலேயே, சீவல் எடுத்தவர் இன்னார் என்று எழுதுவதென முடிவு செய்திருக்கிறேன். அவரிடம் அனுமதி கேட்டேன். "என் பெயர் எதுக்கு பாபு, அதனால் மார்க்கு கூடுமா?" என்று வங்காளியில் கேட்டுச் சிரித்தார். பிறகு, பெயரை எப்படி எழுத்துக்கூட்ட வேண்டும் என்று தாமே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.